தோற்ற நாட்டின் வாசலில் ஒரு வரிசை

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்ட. தலையில் ஈரத்தோடு வந்தவர்கள் முதலில் துவட்டிக்கொள்ளுங்கள். சுவரோரம் உட்கார்ந்தவர்கள் காலை நீட்டிக்கொள்ளுங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். இன்றைக்கு ஒரு கதை சொல்கிறேன். இதில் ராஜா இல்லை, பூதம் இல்லை, வட்டி இருக்கிறது. முகத்தைச் சுளிக்காதீர்கள். பூதத்தைவிட வட்டிக்குப் பசி அதிகம், அதனால் கதை ஓட்டமாகத்தான் போகும். கேட்டு முடிக்கும்போது உங்களுக்குக் குமட்டினால் அது என் குற்றமில்லை. சமைத்தவர்கள் வேறு, நான் பரிமாறுகிறேன், அவ்வளவுதான்.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நாடுகள். இரண்டும் ஏழை நாடுகள்தான். ஆனால் "வளரும் நாடே" என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கும். இரண்டிலும் பேசுவது ஒரே பேச்சு. அந்தப் பக்கத்தார் வார்த்தையைக் கடைசியில் கொஞ்சம் இழுப்பார்கள், இந்தப் பக்கத்தார் முதலிலேயே இழுத்துவிடுவார்கள். இரண்டு நாடும் தூர தேசத்தில் இருக்கிற ஒரே பெரிய வங்கியில் கடன் வாங்கியிருந்தன. அணை கட்ட வாங்கினார்கள். அணையைத் திறந்துவைக்க விழா எடுக்க வாங்கினார்கள். பிறகு அந்த இரண்டு கடனுக்கும் வட்டி கட்ட வாங்கினார்கள். வட்டி நூற்றுக்கு எட்டு.

ஒரு வருஷம் அந்த வங்கிக்கே மனசாட்சி உறுத்தியதோ, இல்லை, கறக்கிற மாடு படுத்துவிட்டால் பாலுக்கு எங்கே போவது என்று யோசித்ததோ, இரண்டு நாட்டுக்கும் வட்டியைக் கொஞ்சம் குறைத்தது. எவ்வளவு குறைத்தது என்பதை ஒவ்வொரு நாட்டிடமும் தனித்தனியாகக் காதோடு காதாகச் சொல்லி அனுப்பியது. பெரிய வங்கிகள் விவரமானவை, கண்ணுகளா. நாய்களுக்குத் தனித்தனியாகப் போட்டால்தான் அவை ஒன்றையொன்று பார்த்துக் குரைக்கும்.

இந்தப் பக்கத்து நாட்டில் ஒரு நாற்காலிக்காரர் இருந்தார். மெத்தை நாற்காலிகளுக்கு நாரும் ஸ்பிரிங்கும் மாற்றி, மேலே புது உறை தைத்துக் கொடுக்கிறவர். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கடை. கடை நிறைய உறை உரித்த சோபாக்கள் எலும்பும் நரம்புமாக நிற்கும். உறையை அடிக்கிற சின்ன ஆணிகளை வாயில் அடக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக நாக்கால் நுனிக்குத் தள்ளி எடுத்து அடிப்பார். அப்படி வாயில் ஆணியோடே காலம் போனதில் பேச்சு குறைந்துவிட்டது. வீட்டில் அவருக்கும் சேர்த்துப் பேச அவர் மனைவி இருந்தாள்.

அந்த மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போயிற்று. வாரத்தில் மூன்று முறை இயந்திரத்தில் படுக்கவைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார்கள். அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் இயந்திரம் மூன்று. ஓடுவது ஒன்று. அதனால் வாரத்துக்கு ஒரு முறைதான் அவளுக்கு இடம். மற்ற நாளெல்லாம் முகமும் காலும் வீங்கிக் கிடக்கும். தண்ணீர் அளந்து குடிக்க வேண்டும். அவள் எதிரில் முழு டம்ளர் குடிக்க மனசில்லாமல் அவரும் பாதி டம்ளரோடு நிறுத்தப் பழகிக்கொண்டார். கடையில் தனியாக இருக்கும்போதுகூட அப்படித்தான்.

ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு பலகை மாட்டியிருந்தது. "வெளிநாட்டுக் கடன் வட்டிக் குறைப்பால் மிச்சமாகும் நிதியில் புதிய டயாலிசிஸ் இயந்திரங்கள். விரைவில்."

"என்னங்க, அந்த 'விரைவில்' வெளுத்துப்போயிருந்துச்சுல்ல, மறுபடி பெயிண்ட் அடிச்சிருக்காங்க பாத்தீங்களா?" என்றாள் ஒரு நாள்.

"ம்."

"பெயிண்டுக்குப் பணம் வந்திருக்குன்னா மிஷினும் பின்னாலயே வரும்."

அவர் ஆணிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டுச் சொன்னார். "வரும் வரும். நீ பேசாம இரு, தொண்டை காயும்."

"நான் பேசாம இருந்தா இந்த வீட்ல வேற யாரு பேசுவா? சோபாவா?"

அந்த வாரமே அவருக்கு ஒரு பெரிய வேலை வந்தது. 'அயல்கடன் வட்டிச் சீரமைப்பு ஒப்பீட்டு வாரியம்' என்று ஒரு அலுவலகம். பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தால் பதவி உயர்வு என்று பேசிக்கொள்வார்கள். அங்கே மாநாட்டு நாற்காலிகள் தைக்க வேண்டும் என்று ஆள் விட்டிருந்தார்கள்.

நல்ல கட்டடம். நடைபாதையில் நடந்தால் செருப்புச் சத்தம் கேட்காத அளவுக்குக் கம்பளம். வரிசையாக அறைகள். ஒரு கதவில் 'நமக்குக் கூடுதல் பிரிவு', அடுத்ததில் 'நமக்குக் குறைவு பிரிவு'. இரண்டிலும் ஆட்கள் மேசைமேல் கைகட்டி உட்கார்ந்து, தங்கள் பக்கம் முடிவு வரட்டும் என்று காத்திருந்தார்கள். மூன்றாவது கதவில் 'இரண்டும் சமம் பிரிவு' என்று எழுதி, பூட்டி, பூட்டின்மேல் துணி சுற்றியிருந்தது.

வாரியத்தின் தலைவருக்குத் 'தலைமை ஒப்பாளர்' என்று பட்டம். கெண்டைக்கால்வரை தொங்குகிற கறுப்புக் கோட்டு அவருக்குச் சீருடை. நல்ல வெயில் காலத்திலும் கழற்றமாட்டார். பக்கத்து நாட்டிலும் இதேபோல் ஒரு வாரியம், இதேபோல் ஒரு தலைமை ஒப்பாளர். இங்கே கோட்டின் வால் முழங்காலுக்குக் கீழே இறங்கியதும் அங்கே கெண்டைக்காலுக்கு இறக்கினார்கள். அங்கே இறக்கியதும் இங்கே இறக்கினார்கள். தரை மட்டும் இடையில் வந்திருக்காவிட்டால் இன்னும் தைத்துக்கொண்டிருப்பார்கள்.

நாற்காலிக்காரர் அளவெடுத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார். "ஐயா, ஆஸ்பத்திரியில போர்டு வச்சிருக்காங்க. வட்டி கொறஞ்ச பணத்துல மிஷின் வரும்னு. அது எப்பங்க?"

தலைமை ஒப்பாளருக்குக் கேள்வி பிடித்துவிட்டது. நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"நல்ல கேள்வி. வட்டி எவ்வளவு கொறஞ்சிருக்குன்னு எனக்குத் தெரியும். ஆனா அது நெறையவா, கொஞ்சமான்னு தெரியாது. பக்கத்து நாட்டுக்கு எவ்வளவுன்னு தெரியாம நாம எப்படிச் சந்தோஷப்படறது, சொல்லுங்க? அவங்களுக்கு நெறையக் கொறச்சு நமக்குக் கொஞ்சமாக் கொறச்சிருந்தா, நம்மள ஏமாத்திட்டாங்கன்னு அர்த்தம். நமக்கு நெறையக் கொறச்சிருந்தா, நம்மளப் பிச்சைக்காரன்னு நெனச்சுட்டாங்கன்னு அர்த்தம். ரெண்டுமே அவமானம்."

"அப்ப எதுங்க மானம்?"

"அதைக் கண்டுபிடிக்கத்தானே இந்த வாரியம்!"

"மிஷினுக்கான பணம்...?"

"அது பத்திரமா இருக்கு. ஒப்பீடு முடியற வரைக்கும் ஒரு பயல் தொட முடியாது. எங்க சம்பளம், இந்தக் கம்பளம், வர்ற மாநாடு, நீங்க தைக்கற நாற்காலி, இது மட்டும்தான் அதுலேருந்து போகுது."

நாற்காலிக்காரர் வாயில் ஆணியைப் போட்டுக்கொண்டார். வேறு எதைப் போட்டுக்கொள்வது?

மாநாடு இந்த நாட்டில் நடக்கப்போகிறது. இரண்டு வாரியங்களும் நேருக்கு நேர் உட்கார்ந்து வட்டிக் குறைப்பை ஒப்பிடப்போகின்றன. அதற்காகத்தான் நாற்காலி. "ரெண்டு பக்கமும் ஒரே உயரமா இருக்கணும். நம்ம பக்கம் மட்டும் ஒரு விரல் கூடுதலா ஒரே உயரமா இருக்கணும்" என்றார்கள். அப்படியே தைத்தார். பக்கத்து நாட்டிலிருந்து அளவு நாடாவோடு இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டு, தங்கள் பக்கத்து மெத்தையில் இரண்டு விரல் நார் ஏற்றச் சொன்னார்கள். ஏற்றினார். இந்தப் பக்கம் பார்த்துவிட்டு மூன்று விரல் என்றது. இப்படி ஏற்றி ஏற்றி, உட்கார்ந்தால் யாருக்கும் கால் தரையில் படவில்லை. உடனே கால்வைக்க மணைகள் செய்தார்கள். பிறகு மணையின் உயரத்தை ஒப்பிட ஒரு துணைக்குழு போட்டார்கள். தலைமை ஒப்பாளர் நாற்காலிக்கு மட்டும் நாரோடு கெட்டியான புது ஸ்பிரிங் வைக்கச் சொன்னார்கள். எழுந்தால் கம்பீரமாக எழ வேண்டுமாம். நாற்காலிக்காரர் வேலையில் குறை வைக்கிறவர் இல்லை. நல்ல ஸ்பிரிங்காகவே வைத்தார்.

மாநாட்டு மேசைக்கு அடியில் படுத்து அவர் உறை அடித்துக்கொண்டிருந்தபோது, மேலே பேசிக்கொண்டிருந்தவர்கள் அவர் அங்கே இருப்பதையே மறந்துவிட்டார்கள். நாற்காலி தைக்கிறவனுக்குக் காது இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? "எட்டு ஆறாயிருக்கு. நூத்துக்கு ரெண்டு கொறச்சிருக்காங்க. இது வெளிய போகக் கூடாது" என்று பேசிக்கொண்டது அவர் காதில் தெளிவாக விழுந்தது.

அந்தச் சமயத்தில்தான் வாரியத்துக்கு ஒரு சிக்கல் வந்தது. மாநாட்டில் ஒவ்வொரு பக்கமும் ஒரு பொதுஜன உறுப்பினர் இருக்க வேண்டும் என்பது விதி. தலைமை ஒப்பாளருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். வேலை, உட்காருவதுதான். ஏற்கெனவே நியமித்திருந்த ஒரு வயதான தபால்காரர், ஆஸ்பத்திரியில் இயந்திரத்துக்கு முறை காத்திருந்த இடத்திலேயே போய்விட்டார். அவர் இறந்தது வாரியத்துக்குத் தெரியும். ஆனால் முறைப்படி அவர் தெரிவிக்கவில்லை என்று கொஞ்ச நாள் அவருக்காகக் காத்திருந்தார்கள். பிறகு வேறு ஆள் தேடினார்கள்.

மேசைக்கு அடியிலிருந்து வாய் நிறைய ஆணியோடு வெளியே வந்த நாற்காலிக்காரரைத் தலைமை ஒப்பாளர் பார்த்தார். "மாநாட்டப் பத்தி நீங்க என்ன நெனைக்கிறீங்க?" என்று கேட்டார்.

அவர் ஆணியோடு விழித்தார்.

"இவர்தான்யா பொதுஜனம்!" என்றார் தலைமை ஒப்பாளர். "என்ன பக்குவம் பாருங்க."

வீட்டில் போய்ச் சொன்னதும் மனைவி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். வீங்கின கையால் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"உள்ள உக்காரப்போறீங்க! நம்ம தெருவுல எவனாவது உள்ள உக்காந்திருக்கானா? வாய்ல ஆணி இல்லாம போங்க. சமயம் பாத்து, 'மிஷின் எப்பய்யா'ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. அது போதும். வேற ஒண்ணும் எனக்கு வேணாம்."

"கேக்கறேன்."

"கேப்பீங்க. எனக்குத் தெரியாதா? நாப்பது வருஷமா ஒரு கிலோ கத்தரிக்காய்க்கே பேரம் பேசத் தெரியாத மனுஷன், நாட்டு வட்டிக்குப் பேசப்போறாரு. போங்க, போங்க. எதுக்கும் நேரா உக்காருங்க."

மாநாட்டு நாள் வந்தது. இந்தப் பக்கம் ஒரு வரிசைக் கோட்டு, அந்தப் பக்கம் ஒரு வரிசைக் கோட்டு. எல்லோரும் ஏணிமேல் ஏறுவதுபோல் ஏறி உட்கார்ந்தார்கள். அந்தப் பக்கத்துத் தலைமை ஒப்பாளருக்குப் பக்கத்தில் அவர்களுடைய பொதுஜன உறுப்பினராக ஒரு பருத்த அம்மா உட்கார்ந்திருந்தாள். எல்லைக்கு அந்தப் பக்கம் முதல் ஊரில் இருக்கிற ஆஸ்பத்திரியில் சமையல்காரி. இரண்டு நாட்டுக்கும் ஒரே பேச்சு என்று சொன்னேனில்லையா? ஆனாலும் நடுவில் மொழிபெயர்ப்பாளர் இருவர். ஒருவர் பேசியதை அப்படியே, கொஞ்சம் சத்தமாகத் திரும்பச் சொல்வார்கள்.

முதலில் எண்ணைச் சொல்கிறவர் தாழ்ந்தவர். இது இரண்டு வாரியத்துக்கும் பொதுவான நம்பிக்கை. ஆகவே எண்ணைச் சொல்லாமல் ஒப்பிடத் தொடங்கினார்கள்.

"எங்களுக்குக் கிடைத்த குறைப்பு, குறைப்பு என்று சொல்லத் தக்க அளவில் இருக்கிறது" என்றார் இந்தப் பக்கத்தார்.

"எங்களுடையதும் சொல்லத் தக்கதே. ஆனால் நாங்கள் சொல்லமாட்டோம்" என்றார் அந்தப் பக்கத்தார்.

மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டையும் சத்தமாகச் சொன்னார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு இரண்டு நாட்டு மழையை ஒப்பிட்டார்கள். சாலைக் குழிகளின் ஆழத்தை ஒப்பிட்டார்கள். கடன் வாங்கும்போது கையெழுத்துப் போட்ட பேனாக்களை ஒப்பிட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒப்பிடுகிறவர்களையே ஒப்பிட்டார்கள். கொட்டாவியில் மட்டும் இரண்டு நாடும் முந்திக்கொள்ளவில்லை, சேர்ந்தே விட்டன.

நாற்காலிக்காரருக்குத் தலை சுற்றியது. தண்ணீர் குடிக்க வெளியே நடைபாதைக்கு வந்தார். குழாயில் டம்ளரைப் பிடித்து, பாதியோடு வைத்துவிட்டார். பின்னாலேயே சமையல்காரம்மாவும் வந்திருந்தாள்.

"ஏண்ணே, பாதியோட வச்சுட்டீங்க? தண்ணி நல்லால்லையா?"

"பழக்கம்மா. வீட்ல அவளுக்குக் கிட்னி. அவ குடிக்கக் கூடாது."

அந்த அம்மா முகம் மாறிவிட்டது. "எங்க ஆஸ்பத்திரியிலயும் ஒரு அறை நெறைய அப்படித்தான்ணே கெடக்குதுங்க. உப்பில்லாம நான்தான் ஆக்கிப் போடறேன். 'தண்ணி குடு ஆத்தா, ஒரு வாய் குடு ஆத்தா'ன்னு கேக்குங்க. காதப் பொத்திக்கிட்டு ஓடி வந்துடுவேன். மிஷினுக்குப் பணம் வருமாம். எப்பன்னு கேட்டா, உங்க நாட்டுக்கு எவ்வளவு கொறஞ்சுதுன்னு தெரிஞ்சப்புறமாம்!"

"எங்களுக்கு எட்டு ஆறாச்சும்மா."

"எங்களுக்கும் அதேதாண்ணே! எட்டு ஆறு. எங்க ஆளு சோறு திங்கறப்ப சொன்னாரு. வாய்ல சோறு இருந்தா அந்த மனுஷனுக்கு ரகசியம் நிக்காது."

பாருங்கள் கண்ணுகளா, இரண்டு கட்டடம், இத்தனை கம்பளம், இத்தனை கோட்டு சேர்ந்து செய்ய முடியாத ஒப்பீடு, ஒரு குழாயடியில் முடிந்துபோயிற்று.

நாற்காலிக்காரர் விறுவிறுவென்று உள்ளே வந்தார். சமையல்காரம்மா பின்னாலேயே வந்து தன் நாற்காலியில் ஏறிக்கொண்டாள், இவர் ஏறக்கூட இல்லை. நின்றபடியே சொல்லிவிட்டார். வாழ்க்கையில் அவர் சத்தமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

"ஐயா, ரெண்டு பேருக்கும் ஒண்ணுதாங்க! அவங்களுக்கும் ரெண்டு, நமக்கும் ரெண்டு. சமம். முடிஞ்சுதுல்ல? மிஷின வாங்கிடலாங்களா?"

மொழிபெயர்ப்பாளர்கள்கூட அதைத் திரும்பச் சொல்லவில்லை. 'நமக்குக் கூடுதல்' பிரிவின் அதிகாரி 'நமக்குக் குறைவு' பிரிவின் அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் அதற்கு முன் பேசிக்கொண்டதே இல்லை.

தலைமை ஒப்பாளர் மெல்லக் கேட்டார். "சமம்னா என்னன்னு தெரிஞ்சுதான் பேசறீங்களா? சமமா இருந்தா அடுத்தவனப் பாத்துப் பெருமைப்பட முடியாது. பொறாமைப்படவும் முடியாது. அப்படி ஒரு நாட்டுல மனுஷன் இருப்பானா? அப்புறம் இந்த வாரியத்துல இத்தனை குடும்பம் இருக்கு. சமம்னு எழுதிட்டா நாளைக்கு இவங்க எல்லாம் போய் என்ன வேலை செய்வாங்க?" கடைசிக் கேள்வியில் அவர் குரல் உண்மையாகவே நடுங்கியது.

பிறகு அவர் முகத்தில் ஒரு ஒளி வந்தது. அந்த மாதிரி ஒளி பெரிய மனிதர் முகத்தில் வரும்போது, கண்ணுகளா, வீட்டுச் சாமான்களை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் எழுந்தார். எழுந்தார் என்ன, புது ஸ்பிரிங் அவரை எம்பி நிறுத்தியது.

"பெருமக்களே! நம் நாட்டுக்கு எவருடைய இரக்கமும் தேவையில்லை. வட்டியைக் குறைத்துக்கொள்வது இயலாதவன் செய்வது. இந்த இரண்டையும் இக்கணமே திருப்பித் தருகிறோம். நூற்றுக்கு எட்டே கட்டுவோம்! என் வாழ்நாளில் எத்தனையோ முடிவுகளை யோசித்து யோசித்து எடுத்திருக்கிறேன். இதைக் கட்டப்போவது நானில்லை என்பதால் இந்தத் தியாகத்தை ஒரு நொடிகூடத் தயங்காமல் செய்கிறேன்!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

எதிர்ப்பக்கத் தலைமை ஒப்பாளரின் முகம் வெளிறிவிட்டது. "நாங்கள் ஒன்ப..." என்று ஆரம்பித்து எழப் பார்த்தார். பாதி எழுந்தார், பின்னால் இழுத்ததுபோல் பொத்தென்று உட்கார்ந்தார். மறுபடி எழப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார். சபையில் நின்று சொன்னால்தான் அது அறிவிப்பு. அதற்குள் இந்தப் பக்கத்தார் மணியடித்து மாநாட்டை முடித்துவிட்டார்கள். பிறகு சொன்னால் அது காப்பியடித்ததாகிவிடும். காப்பியடிப்பதைவிட வட்டி குறைவாகக் கட்டித் தொலைக்கலாம் என்று அவர்கள் தலைகுனிந்து வெளியே போனார்கள்.

நம் நாற்காலிக்காரர் என்ன செய்தார் என்கிறீர்கள்? எல்லோரும் தட்டினார்கள் என்று அவரும் கைதட்டினார். தட்டி முடித்த பிறகுதான் உள்ளங்கை எரிந்தது.

நாடு முழுக்க வெற்றி விழா. அதற்கும் கடன் வாங்கினார்கள், நூற்றுக்கு எட்டு வட்டியில். ஆஸ்பத்திரிப் பலகையைக் கழற்றினார்கள். ஓடாத இயந்திரம் ஒன்றைத் துடைத்து வைத்து, அதில் துளை போட்டு ஒரு பித்தளைத் தகடு அடித்தார்கள். "நம் தன்மானத்தின் சின்னம்." அதைப் பளபளப்பாகத் தேய்த்து வைக்க ஒரு ஆளும் போட்டார்கள்.

பக்கத்து இயந்திரத்தில் படுத்துக்கொண்டு அவர் மனைவி அந்தத் தகட்டைப் பார்த்தாள்.

"என்னங்க, யாரு ஜெயிச்சது?"

"நாமதான்."

"தோத்தவங்களுக்கு என்ன கெடச்சுது?"

"வட்டி ரெண்டு கொறஞ்சது."

"ஜெயிச்ச நமக்கு?"

அவர் தகட்டைக் காட்டினார்.

அவள் அன்றைக்கு ஒன்றும் திட்டவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் அந்த ஒரு இயந்திரமும் நின்று நின்று ஓட ஆரம்பித்தது. அவளுக்கு மூச்சு இழுத்தது. ராத்திரி படுக்க முடியாமல், அவர் தைத்துப் பணம் வராத ஒரு சோபாவில் சாய்ந்தபடியே கிடந்தாள். அப்போதுதான் ஒரு செய்தி கசிந்து வந்தது. தோற்ற நாட்டில், எல்லையோர ஆஸ்பத்திரியில், புது இயந்திரங்கள் வந்துவிட்டனவாம். மிச்சப்பட்ட வட்டிப் பணத்தை யாரும் பெருமையாக நினைக்காததால், அதை எதற்குத் திருடுவது என்று விட்டுவிட்டார்களாம். யார் வந்தாலும் பார்க்கிறார்களாம்.

நாற்காலிக்காரர் கடையைப் பூட்டினார். மனைவியை ஒரு வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு எல்லைக்குப் போனார். போனால், எல்லை வாசலில் ஒரே கூட்டம். வெற்றி பெற்ற நாட்டு ஜனங்கள், வீங்கின முகமும் ஊன்றின கோலுமாக, தோற்ற நாட்டுக்குள் போக வரிசையில் நின்றார்கள்.

"எதுக்கு வர்றீங்க?" என்று கேட்டார் வாசல் காவலர்.

"உங்க தோல்விய ஒரு தடவ பாத்துட்டுப் போகலாம்னு" என்றாள் மனைவி, மூச்சு வாங்கிக்கொண்டே.

காவலர் சிரிக்காமல் முத்திரை குத்தினார். "காலைலேருந்து எல்லாரும் அதைப் பாக்கத்தான் வர்றாங்க. போங்கம்மா."

ஆஸ்பத்திரி நடையில் பெஞ்சு போட்டிருந்தது. பெஞ்சின் ஒரு மூலையில், செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். தாளின் கீழே கறுப்புக் கோட்டின் வால் கெண்டைக்காலில் தொங்கியது. பக்கத்தில் அவருடைய அம்மா, கையில் இயந்திரத்துக்கான சீட்டோடு.

நாற்காலிக்காரர் பழக்கதோஷத்தில் கும்பிட்டார். "ஐயா, நீங்களா?"

தலைமை ஒப்பாளர் தாளை இறக்கினார். "நான் அலுவல் விஷயமா வந்தேன். ஒப்பீட்டுக்காக."

"என்ன ஒப்பிட்டீங்க?" என்றாள் மனைவி.

அவர் செய்தித்தாளை நான்காக மடித்தார். "இங்க மிஷின் ஓடுது."

"அங்க?"

"அதுக்கு ஒரு குழு போட்டிருக்கோம்" என்றார். அவர் அம்மா தலையைத் திருப்பிக்கொண்டாள். பாவம், பெற்றவள்.

மனைவியை இயந்திரத்தில் படுக்கவைத்தார்கள். குழாயில் ரத்தம் போய் வரத் தொடங்கியது. அப்போது உப்பில்லாத கஞ்சிப் பாத்திரத்தோடு அந்தப் பருத்த சமையல்காரம்மா வந்தாள். நாற்காலிக்காரரைக் கண்டதும் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"அண்ணே! நீங்களா? இதுதான் அண்ணியா?"

மனைவி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க நாடு தோத்ததுக்கு ரொம்ப வருத்தம்மா" என்றாள் மரியாதையாக.

சமையல்காரம்மா அக்கம்பக்கம் பார்த்தாள். குனிந்து அவள் காதோடு சொன்னாள். "யாருகிட்டயும் சொல்லாதீங்க அண்ணி. அது தோக்கல. உங்க ஆளு எந்திரிச்சுப் பேச ஆரம்பிச்சதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அடுத்து எங்க ஆளு எந்திரிச்சு ஒன்பதும்பாருன்னு. அவரு கோட்டு வாலு என் நாற்காலில கெடந்துச்சு. அப்படியே நகந்து அதுமேல நல்லா உக்காந்துட்டேன். ரெண்டு தடவ இழுத்தாரு மனுஷன். நான் அசையல. ஆக்கிப் போட்ட சோத்த நானும் தின்னு வளத்த உடம்பு, ஒரு நாளாவது ஊருக்கு ஒதவட்டுமேன்னு."

மனைவி சிரித்தாள். சிரிக்கக் கூடாது, ஊசி நகரும் என்று நர்ஸ் ஓடி வந்தாள். அப்புறமும் அடக்க முடியவில்லை. சிரிப்பு அடங்கியதும் மெல்லத் தலையைத் திருப்பிப் புருஷனைப் பார்த்தாள். பல மாதமாக உள்ளே அடைத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

"உங்க பக்கத்துலயும் ஒரு கோட்டு இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு."

"வாலு இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு. என் நாற்காலிலதான் கெடந்துச்சு."

"ஆயுசு முழுக்க ஊருக்கெல்லாம் நாற்காலி தச்சீங்க. அதுல எங்க உக்காரணும்னு மட்டும் உங்களுக்குத் தெரியல."

சாக்குச் சொல்ல அவர் வாயில் ஆணியும் இல்லை. கஞ்சிப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, அவளுக்கு ஊட்டுவதற்கு ஆற வைத்துக்கொண்டிருந்தார்.

எழுந்திருங்கள் கண்ணுகளா, பத்திரமாகப் போய் வாருங்கள். உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரட்டும், அதை முழு டம்ளராகக் குடிக்கிற உடம்பு எல்லோருக்கும் வாய்க்கட்டும். உங்கள் தலைமேல் இருக்கிற வட்டி குறையட்டும், குறைந்ததை அடுத்த வீட்டோடு வைத்துப் பார்க்காத புத்தி நிலைக்கட்டும். உங்கள் சார்பாகத் தியாகம் செய்ய எந்தப் பெரிய மனிதராவது எழுந்தால், அந்த நேரம் பார்த்து அவர் கோட்டு வாலின் மேல் அசையாமல் உட்காரத் தெரிந்த ஒருத்தி, தலைமுறை தலைமுறையாக உங்கள் வீட்டில் பிறந்துகொண்டே இருக்கட்டும்.